எந்த ஸாரி, தம்பி?

செவிலிமேடு
15-1-1971

அன்புள்ள தம்பி அப்பாதுரைக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மா நேற்று இரண்டு இட்லியை மறுக்காமல் சாப்பிட்டாள். அவள் சாப்பிட்டால் நானும் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று அர்த்தம். நாக்பூரில் குளிர் எப்படி? போன வருஷம் மாதிரி மார்ச்சளி வைத்துக்கொள்ளாதே.

அப்பா செத்து இன்னும் வருஷம் திரும்பவில்லை என்பதால் பொங்கல் வைக்கவில்லை. எதிர்வீட்டு ஷமீம் பானு மட்டும் கரும்பு ஒரு துண்டு கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒரு செய்தி, சிரிக்காதே. நான் இங்கிலீஷ் படிக்கிறேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய புத்தகக் கடையில் தமிழ் வழியாகக் கற்றுக்கொள்ளும் புத்தகம் ஒன்று கிடைத்தது. எட்டாவது வரை படித்ததில் எழுத்து மறக்கவில்லை. அர்த்தம்தான் ஒன்றும் நிற்கவில்லை. தறிக்காரர் வீட்டுக்குப் பட்டு நூல் சுற்றும்போது பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்கிறேன்.

முதல் சந்தேகம், ஸாரி என்ற வார்த்தை. புத்தகத்தில் 'வருத்தம், மன்னிப்பு' என்று போட்டிருக்கிறது. டவுன் பஸ்ஸில் ஒருத்தன் என் காலை மிதித்துவிட்டு ஸாரி என்றான். போஸ்டாபீசில் இன்லண்டு கேட்டால், இல்லை என்பதற்கு ஸாரி என்கிறார்கள். அப்பா செத்தபோது வாத்தியார் அம்மாவும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஸாரி என்றுதான் சொன்னார்கள். அவர்கள் என்ன தப்பு செய்தார்கள்? நேரம் கிடைக்கும்போது விளக்கி எழுது.

உன் அக்கா
ரேணுகாம்பாள்

நாக்பூர்
21-1-1971

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டு ஏற்பட்ட சந்தோஷத்தில் மெஸ்ஸில் இரண்டு பேருக்குப் படித்துக் காட்டினேன். சளி இல்லை. அம்மாவின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவில்லை.

நல்ல வார்த்தையைத்தான் பிடித்திருக்கிறாய். நான் மில் ஆபீசில் ஒரு நாளைக்கு இருபது தடவை டைப் அடிக்கும் வார்த்தை அது. இப்படி வைத்துக்கொள். தப்பு செய்தவன் ஸாரி என்றால் மன்னிப்புக் கேட்கிறான். தப்பு செய்யாதவன் ஸாரி என்றால் உன் கஷ்டத்துக்கு வருத்தப்படுகிறான். ஆபீஸ்காரன் ஸாரி என்றால் நீ கேட்டது கிடையாது என்கிறான். பஸ்ஸில் மிதித்தவன் முதல் ஜாதி, வாத்தியார் அம்மா இரண்டாவது, போஸ்டாபீஸ் மூன்றாவது. வார்த்தை ஒன்றுதான். சொல்கிறவன் யார், அவன் என்ன செய்துவிட்டுச் சொல்கிறான் என்று பார்த்தால் அர்த்தம் தானாகத் தெரியும்.

இன்னும் என்ன சந்தேகம் இருந்தாலும் எழுது. அப்பா இருந்தால் உன்னைப் பார்த்துப் பெருமைப்பட்டிருப்பார்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி
அப்பாதுரை

செவிலிமேடு
4-2-1971

அன்புள்ள தம்பிக்கு,

வீக்கம் வடிந்திருக்கிறது. வலது கை மட்டும் இன்னும் அப்படியேதான். பத்து வருஷமாகத் தூக்காத கை இனிமேலா தூக்கப்போகிறது. மற்றபடி குறையில்லை.

நீ எழுதியதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா காதில் விழுந்துவிட்டது. "எந்த சாரிமா? யாருக்குக் கண்ணாலம்?" என்றாள். காஞ்சிபுரத்தில் வேறு எப்படிக் கேட்பாள். அன்றைக்கு நானும் அவளும் நன்றாகச் சிரித்தோம்.

இப்போது முழு வாக்கியத்துக்கு வந்திருக்கிறேன். 'வீ ஆர் ஸாரி டு லேர்ன்.' லேர்ன் என்றால் படிப்பது என்று எனக்குத் தெரியும். படிப்பதற்கு வருந்துகிறோம் என்றா எழுதுவார்கள்? இங்கே ஸாரி உன் மூன்றில் எது?

அம்மா உன்னை ஆடி மாதமாவது வரச்சொல்கிறாள்.

உன் அக்கா
ரேணுகாம்பாள்

நாக்பூர்
13-2-1971

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ இவ்வளவு சீக்கிரம் முழு வாக்கியத்துக்கு வருவாய் என்று நான் நினைக்கவில்லை.

லேர்ன் என்றால் படிப்பது மட்டும் இல்லை. ஒரு செய்தி தெரியவருவதையும் அப்படித்தான் சொல்வார்கள். 'உங்கள் தகப்பனார் காலமானதை அறிந்து வருந்துகிறோம்' என்பது போல. எழுதுகிறவன்மேல் தப்பில்லை. தப்போ கஷ்டமோ மறுபக்கத்தில் இருக்கிறது. ஆகவே இது இரண்டாவது ஜாதி. பெரிய ஸ்தாபனங்கள் எழுதும் மரியாதையான நடை இது. உன் புத்தகத்தில் இந்த நடையெல்லாம் இருக்கிறதா? யார் போட்ட புத்தகம்? அடுத்து என்ன வருகிறது, அதையும் எழுது.

ஆடியில் லீவு கிடைப்பது கஷ்டம். தீபாவளிக்குப் பார்க்கலாம்.

அம்மாவின் உடம்பைக் கவனித்துக்கொள். உன்னுடையதையும்தான்.

உன் தம்பி
அப்பாதுரை

செவிலிமேடு
25-2-1971

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் சுகம். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. பாலாற்றில் ஊற்று தோண்டித்தான் தண்ணீர் எடுக்கிறார்கள்.

அடுத்து வருவதைக் கேட்டிருந்தாய். 'வீ ஆர் ஸாரி டு லேர்ன் ஃப்ரம் யுவர் லெட்டர் தட் யூ ஆர் அனேபிள் டு ஜாயின் தி ட்ரெயினிங்.' கடைசி வார்த்தையை முதலில் ரயில் என்று நினைத்துக்கொண்டேன். ரயிலில் ஏறமுடியவில்லை என்று யாருக்கோ எழுதியிருக்கிறார்கள் போல என்று. பிறகு புத்தகத்தில் தேடினேன். பயிற்சியாம்.

அனேபிள் என்றால் முடியாது என்றா, பிடிக்கவில்லை என்றா? யுவர் லெட்டர் என்றால் வாங்கிக்கொள்கிறவள் எழுதிய கடிதம்தானே?

உன் விளக்கத்துக்குக் காத்திருக்கிறேன்.

உன் அக்கா
ரேணுகாம்பாள்

செவிலிமேடு
10-4-1971

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து கடிதம் வந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகப்போகிறது. உடம்பு சரியில்லையோ என்று அம்மா தினமும் கேட்கிறாள். வேலை அதிகம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது உண்மையாக இருக்கட்டும்.

பங்குனி உத்திரத்துக்கு ஊரே ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் போயிருந்தது. அன்றைக்குத் தெருவில் எங்கள் வீடும் எதிர்வீடும் மட்டும்தான். தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது தானாகவே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

ஒரு கார்டு போட்டால் போதும்.

உன் அக்கா
ரேணுகாம்பாள்

நாக்பூர்
19-4-1971

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஆபீசில் வருஷக் கடைசி வேலை. எழுதமுடியவில்லை.

நீ கேட்டது பழைய காலத்து வியாபாரக் கடித நடை. உனக்கு அது உபயோகப்படாது. அந்தப் பாடத்தை விட்டுவிடு. கடையில் பேசுவது, டாக்டரிடம் பேசுவது என்று வேறு பாடங்கள் இருக்கும். அவற்றைப் படி. நானே இங்கிருந்து நல்ல புத்தகம் ஒன்று அனுப்புகிறேன்.

தாமதத்துக்கும் எல்லாவற்றுக்கும் ஐ ஆம் ஸாரி.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அப்பாதுரை

செவிலிமேடு
30-4-1971

தம்பி அப்பாதுரைக்கு,

அம்மா சௌக்கியம். நீயும் சௌக்கியம் என்று தெரிந்துகொண்டேன்.

ஐ ஆம் ஸாரி என்று முடித்திருக்கிறாய். மூன்று சொல்லிக்கொடுத்தாய். இது எந்த ஸாரி, தம்பி?

நீ அனுப்புவதாகச் சொன்ன புத்தகம் வேண்டாம். நான் கேட்ட வாக்கியம் புத்தகத்தில் வந்தது இல்லை என்று உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அப்பா காரியம் முடிந்து வீட்டைப் பெருக்கினபோது, அவர் கடிதங்களைக் குத்திவைக்கும் கம்பியை இறக்கினேன். வரி ரசீதுகளுக்கு நடுவில் என் பெயர் போட்ட உறை ஒன்று இருந்தது. நான் நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போட்ட மிஷன் ஆஸ்பத்திரியின் முத்திரை. தேதி 3-7-1961. நீ பட்டணத்துக்குக் காலேஜில் சேரப் போன பிறகு வந்திருக்கிறது. அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. மறுபடியும் இடமில்லை என்றுதான் எழுதியிருப்பார்கள், இதைக் காட்டி எதற்குப் பெண்ணை அழவைப்பது என்று குத்தி வைத்துவிட்டார் போலிருக்கிறது.

பஜாரில் யாரிடம் கொடுத்திருந்தாலும் இரண்டு நிமிஷத்தில் படித்துச் சொல்லியிருப்பார்கள். உன் வாயால் வரட்டும் என்று இருந்தேன். அதனால்தான் ஒவ்வொரு துண்டாக அனுப்பினேன். மீதியை நானே படித்துவிட்டேன். என் இடத்தை வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்களாம். என்னை இழப்பதற்கு வருந்துகிறார்களாம். முகம்கூட ஞாபகமில்லாத அந்த ஆஸ்பத்திரி வெள்ளைக்காரம்மா, என்னோடு நேரில் ஒரே ஒரு முறை பேசியவள், வருந்தியிருக்கிறாள்.

அந்த வருஷம் அவர்களுடைய முதல் கடிதம் வந்த அன்றைக்கு நான் வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். நீ காகிதமும் பேனாவுமாக ஓடிவந்தாய். நீ சொன்னது எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "இந்த வருசம் எடம் இல்லன்னு எழுதிக்கிறாங்கக்கா. அடுத்த வருசம் பாருங்கன்னு நாம ஒரு லெட்டர் போட்ரலாம். இங்க கையெழுத்து போடு." கையில் ஈரம் இருந்தது. பாவாடையில் துடைத்துக்கொண்டு போட்டேன். அடுத்த வருஷமும் அதற்கு அடுத்த வருஷமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தாய்? தமிழில் எழுது. முழுதாக எழுது.

ரேணுகாம்பாள்

நாக்பூர்
18-5-1971

அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுத எனக்குக் கை வரவில்லை.

'என் தாயார் நோயாக இருப்பதால் அவரை விட்டு வர எனக்கு விருப்பமில்லை. பயிற்சியில் சேர முடியாததற்கு வருந்துகிறேன்.' இவ்வளவுதான். கீழே நீ கையெழுத்துப் போட்டாய். ஸாரி என்ற வார்த்தையை நான் ஒரு நிஜமான கடிதத்தில் முதல்முறையாக எழுதியது உன் பெயரில்தான்.

அவர்கள் முதலில் அனுப்பிய கடிதத்தில் நீ தேர்வாகிவிட்டாய் என்றும், ஜூலை முதல் தேதி வந்து சேரும்படியும் இருந்தது. அதைக் கிழித்து மதகுத் தண்ணீரில் விட்டேன்.

ஏன் என்று கேட்பாய். அம்மாவுக்குக் கை கால் விழுந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. நீ போனால் நான் காலேஜுக்குப் போகமுடியாது. அது ஒன்றுதான் காரணம். வயது பதினேழு என்பதைக் காரணமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எனக்கு நானே பல வருஷம் சொல்லிக்கொண்டேன். அது நிற்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் உனக்குத் தெரியவே போவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் வந்த அன்று அப்பா கேட்டார். "இன்னாடா எழுதிக்கிறாங்க?" எடம் இல்லையாம் என்றேன். ஏரை நிறுத்தினார். பிறகு சொன்னார்: "கெடச்சிருந்தா அனுப்பலாம்னு இருந்தேன்டா. பொண்ணு அவ்ளோ ஆசப்பட்டுது. நீ ஒரு வருசம் கழிச்சி படிச்சா இன்னா, நாம ரெண்டு பேரும் அம்மாவப் பாத்துக்கினு இருந்திருக்கலாம்." அப்போதுகூட நான் சொல்லியிருக்கலாம். கிழித்த காகிதம் தண்ணீரில் கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. சொல்லவில்லை.

உனக்கு ஆகாமல் எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லி வந்ததை ஊரில் பெருந்தன்மையாக நினைத்தார்கள். நீயும் நினைத்தாய். நீ ஒதுங்கி நிற்க, நான் பந்தலில் உட்கார முடியாது என்பதுதான் விஷயம்.

நீ கேட்டதற்குப் பதில்: நான் எழுதிய ஸாரி முதல் ஜாதி. அதை இரண்டாவது மாதிரி தெரியும்படி எழுதினேன். தப்பு என்னுடையது, அக்கா. நான் என்ன செய்யவேண்டும் என்று நீ சொல். எதுவானாலும் செய்கிறேன்.

அப்பாதுரை

செவிலிமேடு
9-6-1971

அப்பாதுரைக்கு,

அம்மாவுக்கு வெயிலால் முதுகில் வேர்க்குரு. வேறு தொந்தரவு இல்லை.

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். அப்பா பேசியதை மட்டும் இன்னும் சில முறை. பத்து வருஷம் அவர்மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. அனுப்ப மனசில்லாமல்தான் அடுத்த வருஷம் யாரையும் போய்க் கேட்காமல் இருந்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். கடைசி நாட்களில் கஞ்சி கொடுக்கும்போதுகூட முகம் கொடுத்துப் பேசமாட்டேன். அதை இனி யாரிடம் போய்ச் சொல்வது.

போன வாரம் அம்மாவை ஷமீம் பானுவிடம் ஒரு பகல் விட்டுவிட்டு, அரக்கோணத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். கடிதத்தை எடுத்துக்கொண்டுதான் போனேன். வெள்ளைக்காரம்மா ஊருக்குப் போய் வருஷங்கள் ஆகிறதாம். ஆபீசில் தேவசகாயம் என்று ஒரு பெரியவர், பொறுமையாகப் பழைய ரிஜிஸ்தரை எடுத்துப் பார்த்தார். "பதினேழாம் நம்பர் உங்க பேருதாம்மா. அடிச்சிட்டு மேல மணியம்மாள்னு எழுதிக்கிது" என்று காட்டினார். பயிற்சிக்கு இருபத்தைந்து வயதுவரைதான் எடுப்பார்களாம். எனக்கு இருபத்தொன்பது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் ரிஜிஸ்தரை மூடினார்.

மணியம்மாள் இப்போது பிரசவ வார்டில் சிஸ்டர். தேவசகாயம் என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். நல்ல பெண். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள்மேல் என்ன தப்பு? வார்டில் உதவிக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது என்று அவளே பெரிய டாக்டரிடம் பேசினாள். துணி மாற்றுவது, தாய்மார்களைத் திருப்பிப் படுக்கவைப்பது, தண்ணீர் காய்ச்சுவது. நர்ஸ் வேலை இல்லை. நான் ஒப்புக்கொண்டேன்.

ஜூலை முதல் தேதி சேரவேண்டும். அங்கேயே தங்கவேண்டும். என்ன செய்யவேண்டும் என்று கேட்டிருந்தாய். இருபத்தெட்டாம் தேதிக்குள் வந்து அம்மாவைப் பார்த்துக்கொள். லீவு கிடைக்குமா என்று எனக்கு எழுதாதே. வந்து சேர்.

ரேணுகாம்பாள்

செவிலிமேடு
17-7-1971

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நேற்றிலிருந்து என் கையால் சாப்பிடுகிறாள். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒவ்வொரு வேளையும் கேட்கிறாள்.

நான் வந்த பிறகு நீ இரண்டு நாள் இருந்தாய். எப்படிப் புரட்டுவது, எந்தக் கிண்ணம், எந்தத் துணி என்பதற்கு மேல் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. நீ பஸ் ஏறிப் போன பிறகுதான், நீ சொன்ன எதையும் நான் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. முதல் நாள் அம்மாவைத் தூக்கும்போது பிடி தவறி அவள் கட்டிலில் இடித்துக்கொண்டாள். ஷமீம் பானு ஓடிவந்து பிடித்தாள். தலை பின்ன எனக்கு வரவில்லை. மூன்று நாள் அப்படியே கிடந்தாள். இதை நீ ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எத்தனை வருஷம் செய்திருக்கிறாய் என்று கணக்குப் போட ஆரம்பித்து, நிறுத்திவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது சரியா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பாமலே, "எனக்காவத்தான் போவாம இருந்துட்டான்னு நெனச்சிக்கினு இருந்தேன்டா. அவ கல்யாணமும் என்னாலதான் நின்னுபோச்சின்னு தினம் சாமிகிட்ட சாவக் கேட்டேன்" என்றாள். இரண்டு நாள் என் கையால் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. ஷமீம் பானுதான் ஊட்டினாள்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி லீவு முடிகிறது. மதராஸ் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதியிருக்கிறேன். கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்வேன். அம்மாவைவிட்டு இனி நான் போகப்போவதில்லை.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் தம்பி
அப்பாதுரை

மிஷன் ஆஸ்பத்திரி
25-7-1971

அப்பாதுரைக்கு,

இங்கே சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் பரவாயில்லை. கால் மட்டும் சாயங்காலத்தில் கனக்கிறது.

அம்மாவிடம் சொன்னது சரிதான். நானாக இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அவளும் வேறு ஒரு பொய்யைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமை ஒரு பெண்ணுக்கு முதல் பிரசவம். பக்கத்துக் கிராமத்திலிருந்து மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். பயத்தில் ஒருவரையும் கிட்டே விடவில்லை. நான் இடுப்பில் கைகொடுத்து ஒருக்களித்துப் படுக்கவைத்தேன். அடங்கினாள். "எங்க கத்துக்கினீங்கக்கா?" என்று மணியம்மாள் கேட்டாள். "வீட்லதான்" என்றேன். குழந்தை பிறந்தது. மணியம்மாள் கையுறையோடு அதைத் தூக்கிப் பிடித்தபோது, அவள் நிற்கும் இடத்தில் நான் நின்றிருக்கவேண்டியவள் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அப்படித் தோன்றுவது இனி எத்தனை பிரசவத்துக்கு இருக்குமோ தெரியாது.

ஒரு வரி கேட்டிருந்தாய். உட்கார்ந்து பார்த்தேன். திட்டுவதற்கும் வரவில்லை, மற்றதற்கும் வரவில்லை. வரும்போது எழுதுகிறேன். வராமலும் போகலாம். அதற்காக நீ அம்மா விஷயத்தில் ஒன்றும் குறைத்துவிடாதே.

அவளுடைய வலது குதிகாலைத் தினமும் பார். உணர்ச்சி இல்லாத கால், அழுத்தினாலும் அவளுக்குத் தெரியாது. சிவந்திருந்தால் கெண்டைக்காலுக்குக் கீழே துணியை மடித்து வைத்துக் குதிகால் படுக்கையில் படாமல் தூக்கி வை. கையால் தேய்க்காதே, தோல் உரிந்துவிடும். படுக்கைப் புண் முதலில் அங்கேதான் வரும்.

ரேணுகாம்பாள்